எட்டாவது மெயினா, எட்டாவது கிராஸா?

தப்பு என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஹனுமந்தநகரில் பாதிப் பேர் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று இன்றைக்கும் என்னைப் புகழ்கிறார்கள். மீதிப் பேர் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்கள். இரண்டும் பொய். மாவு மில் நடத்துகிறவளுக்கு வேண்டுமென்று ஒரு காரியம் செய்ய நேரம் ஏது?

நான் ஹொன்னம்மா. மூன்றாவது மெயினும் எட்டாவது கிராஸும் சந்திக்கிற முனையில் இருபத்து மூன்று வருஷமாக மில் வைத்திருக்கிறேன். எங்கள் பேட்டையில் தெருவுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். நீளமாகப் போனால் மெயின், அதைக் குறுக்கே வெட்டினால் கிராஸ். வெளியூர்க்காரர்கள் தலையைச் சொறிவார்கள், சொறியட்டும். என் கதை இருக்கட்டும், இது சர்வமங்களாவின் கதை. பேட்டைக்கே மங்களக்கா, என் மில்லுக்கு அடுத்த வீடு.

மங்களக்கா ஐந்தடி கூட இருக்கமாட்டாள். நடை மட்டும் ஆறடி ஆளின் நடை. குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் மில்லில் இரண்டு மெஷினும் ஓடும்போது, கத்தாமல், சும்மா பேசியே என் காதில் விழ வைப்பவள் அவள் ஒருத்திதான். அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. "தூக்கத்துலயும் பேசுவா ஹொன்னம்மா. ஆனா அப்பக் கொஞ்சம் மரியாதையாப் பேசுவா" என்பார் அவள் வீட்டுக்காரர்.

குண்டலுப்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். வீட்டுக்காரர் சிவநஞ்சப்பா, சிட்டி பஸ் டிரைவர். எங்களுக்கெல்லாம் நஞ்சப்பண்ணா. ஹனுமந்தநகர் என்றாலே மேடுதான். காய்கறி வாங்கப் போனாலும் மேடு, கோயிலுக்குப் போனாலும் மேடு. அந்த மேட்டில், மழையில், பஸ் நிறைய ஜனத்தோடு, ஒரு அங்குலம் பின்னால் உருளாமல் வண்டியை எடுப்பார் அவர். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னப்பா, மாமியார் வீட்ல விருந்தா?" என்று கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். இருபத்தொன்பது வருஷம் ஓட்டினார். ஒரு கோழிக்குஞ்சைக் கூட இடித்ததில்லை.

வீட்டுக்கும் அவரேதான் டிரைவர். கோயில், சந்தை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். மங்களக்கா முப்பது வருஷம் இந்தப் பேட்டையை அவர் சட்டை முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்தாள். எந்தத் திருப்பம் எங்கே என்று அவளுக்கு எதற்கு? அதற்குத்தான் அவர் இருக்கிறாரே.

ரிட்டயரான மறு வருஷம் அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். சொட்டு மருந்து, ஆபரேஷன், நஞ்சன்கூடு வேண்டுதல், ஒன்றும் பலிக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம்.

அப்போது ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பினார்கள். சாலையைத் தோண்டிப் போட்டிருந்தது. ஆட்டோக்காரன் எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல போகாதும்மா, இப்படியே நடந்தா வீடு வந்துரும்" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான். நஞ்சப்பண்ணா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த மெயின்ல நிக்கறோம்?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தெருப் பலகையைப் பார்த்தாள். அதன்மேல் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டர். அவருக்குக் கண் இல்லை, அவளுக்கு வழி தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் சொந்தப் பேட்டையில் எப்படிக் கேட்பது என்று இருவருக்கும் வெட்கம். வீட்டிலிருந்து மூன்றே தெரு தள்ளி முக்கால் மணி நேரம் சுற்றினார்கள். ஒரே பால் பூத்தை மூன்று தடவை தாண்டினார்கள். மூன்றாம் தடவை அங்கே நின்ற ஒருவன் சிரித்தான். "பாருங்கடா, நம்ம டிரைவருக்கே ரூட் மறந்துபோச்சு!"

கெட்டவன் இல்லை அவன். கண் போன சேதி அவனுக்குத் தெரியாது. ஆனால் சொல் காதில் விழுந்துவிட்டதே! அன்று வீட்டுக்குள் போன நஞ்சப்பண்ணா அப்புறம் கேட்டைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாசலிலேயே ஆட்டோ ஏறுவார். மற்றபடி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ரேடியோ, அவ்வளவுதான். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எரிந்து விழுவார்.

மறுநாள் காலையில் மங்களக்கா மில்லுக்கு வந்தாள். கையில் கேழ்வரகும் இல்லை, டப்பாவும் இல்லை. கண் வீங்கியிருந்தது.

"ஹொன்னி, முப்பது வருஷமா இந்த ஊர்ல நான் என்னத்தடி கிழிச்சேன்? மாட்டுக்குக்கூட வீட்டுக்கு வழி தெரியும். அவரை நடுத்தெருவுல நிக்க வெச்சு ஊர் சிரிக்க விட்டுட்டேனே!"

"யாரோ ஒருத்தன் சிரிச்சான். அதுக்கு ஊர் என்ன பண்ணும்?"

"இனிமே சிரிக்கமாட்டாங்க. ஒரு தெரு விடாம கத்துக்கப்போறேன். கத்துக்கிட்டு, ஒருநாள் அவரை வெளிய கூட்டிட்டுப் போவேன். அவரு பழையபடி இந்தத் தெருவுல நடக்கணும். பாத்துட்டே இரு."

"முட்டி வலிதான் மிச்சமாகும்" என்றேன். நான் அப்படித்தான், நல்ல வார்த்தை என் வாயில் முதலில் வராது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மில்லைப் பூட்டிக்கொண்டு அவளோடு போனேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். முதல் மாதம் நாங்கள் இரண்டு பேர். இரண்டாம் மாதம், மாவு அரைக்க வந்த நான்கு பெண்கள் "நாங்களும் வரோம், எங்களுக்கும் சொந்தத் தெருவைத் தவிர ஒண்ணும் தெரியாது" என்று ஒட்டிக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் வீட்டு ஆண்கள், அப்புறம் ரிட்டயரான வாத்தியார்கள், ஒரு தையல்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி, ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு தெரு. அவசரமே கிடையாது.

மங்களக்காவின் சட்டம் கடுமை. போனை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். "வழி தெரியலையா, வாசல்ல நிக்கறவங்களைக் கேளு. அன்னிக்கு நான் கேக்காம கெட்டேன். கேட்டா நாலு வார்த்தை பேசுவாங்க, ஒரு வாய் காப்பி குடுப்பாங்க. போன் காப்பி குடுக்குமா?" என்பாள். புறப்படுகிற முனையில் விடிவதற்கு முன்னால் போய்ச் செம்மண் கரை வைத்து ஒரு கோலம் போட்டுவிடுவாள். அதுதான் கூடும் இடத்துக்கு அடையாளம். போன வாரமே அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி யார் யார் என்று விசாரித்து வைத்திருப்பாள். கடைசியில் ஏதாவது ஒரு வீட்டார் கதவைத் திறந்து எல்லாருக்கும் வாய்க்கு ருசியாக ஒன்று கொடுக்கவேண்டும். இவள் கேட்டு இல்லை என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை. சொல்ல விட்டால்தானே?

ஐந்தாவது மெயினில் எதிரெதிர் வீட்டில் இரண்டு நாகராஜு. ஒருவர் பார்சல் இன்னொருவர் வீட்டுக்குப் போகும். பதினோரு வருஷமாக இருவரும் அடுத்தவர் பார்சலை அவர் கேட்டின்மேல் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் திரும்பிவிடுவார்கள். மங்களக்கா இரண்டு பேரையும் நடுத்தெருவுக்கு இழுத்துவந்தாள். "ஏப்பா, இவ்வளவு நாள் ஒருத்தருக்கு வந்த செருப்பு பார்சலை இன்னொருத்தர் பிரிச்சுப் பாத்திருக்கீங்க, ஒரு நமஸ்காரம் சொன்னா வாய் வெந்துபோகுமா?" பார்த்தால் இருவரும் துமகூரில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். நாங்கள் அந்தத் தெருவைச் சுற்றி முடித்து வந்தபோதும் இருவரும் அதே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதினோராவது கிராஸில் ஒரு கிளி, பால்காரன் குரலில் "பாலூ!" என்று கத்தும். எங்கள் முன்னாலேயே கத்தியது. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் பாத்திரத்தோடு ஓடிவந்து முப்பது பேரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். நாலு வருஷமாகத் தினமும் ஏமாறுகிறாளாம். "அது கத்தும்னு தெரியும், ஆனா நிஜமாவே பால் வந்திருந்தா?" என்றாள் பாவம்.

நடை முடிந்ததும் மங்களக்கா வீட்டுக்கு ஓடுவாள். நஞ்சப்பண்ணா முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அவர் ரேடியோ பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்காத மாதிரி இருப்பார். "அங்கேர்ந்து ரைட்ல திரும்பினோம்" என்பாள். "ரைட்டா? அங்க ரைட் எடுத்தா சாக்கடைக்குள்ளதான் போகணும். லெஃப்ட்" என்பார். "ஆமாமா, லெஃப்ட்தான்" என்பாள். வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னாளா என்று கேட்டால் சிரிப்பாள். தெருவில் வெட்டிப்போட்ட மரங்களைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லமாட்டாள். அவருக்குத் தெரிந்த அடையாளமெல்லாம் மரங்கள்தான்.

இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவரிடம் ஒரு கேள்வி.

"நாளைக்கு நடை. வரீங்களா?"

"அடுத்த மாசம்."

அதற்குமேல் அவளும் வற்புறுத்தமாட்டாள், அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். முப்பத்தொரு மாதம், முப்பத்தொரு தடவை. "என்ன சொன்னாரு?" என்று நான் கேட்பேன். "அடுத்த மாசமாம்" என்பாள். ஒரே ஒரு தடவை மட்டும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னாள். "ஊரே வருது ஹொன்னி. எனக்கு எதுக்குடி ஊரு? நான் யாருக்காக இதைக் கத்துக்கிட்டேனோ அவரு வரலையே." மெஷினைப் போட்டுவிட்டேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். என் மில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. 'மிளகாய் செவ்வாய், வெள்ளி மட்டும்' என்று எழுதுவதற்காக வாங்கியது. நடை எங்கே, எந்த முனையில் என்றும் அதில்தான் எழுதுவோம். தனுர் மாதம், அதாவது மார்கழி. முப்பத்திரண்டாவது நடை. மேட்டு உச்சியில் எட்டாவது மெயின், மூன்றாவது கிராஸ் என்று மங்களக்கா துண்டுச் சீட்டில் தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்தாள். நான் பலகையில் எழுதுகிற நேரம் ஒருவர் வந்து, தன் கோதுமையில் யாரோ வீட்டுக் கடலையை நான் கலந்துவிட்டதாகச் சண்டைக்கு நின்றார். "உங்க வீட்ல சலிச்சுக் குடுத்திருந்தா ஏன் கலக்குது?" என்று அவரோடு வாய் மல்லுக்கட்டிக்கொண்டே எழுதினேன். இருபத்து மூன்று வருஷமாக பில், ரசீது, சிலிண்டர் புத்தகம் எல்லாவற்றிலும் எழுதி எழுதிப் பழகிய கை. எழுதிவிட்டது: மூன்றாவது மெயின், எட்டாவது கிராஸ். என் சொந்த விலாசம்!

எழுதினவளுக்கும் தெரியவில்லை, படித்தவர்களுக்கும் தெரியவில்லை. புது அபார்ட்மெண்டுப் பெண் ஒருத்தி பலகையைப் படம் பிடித்து அவர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். அது அங்கேயிருந்து எங்கெங்கேயோ பறந்தது. மங்களக்கா வாயால் சொல்லிக் கேட்ட எட்டுப் பேருக்குத்தான் சரியான இடம் தெரியும்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு, காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு மில் ஷட்டரை இழுத்து மூடினேன். திரும்பிப் பார்த்தால் முனையில் நாற்பது பேர். வழக்கமாக வருகிறவர்கள் பாதி, முன்பின் பார்க்காத முகங்கள் பாதி. எல்லாரும் நஞ்சப்பண்ணா வீட்டு கேட்டை ஒட்டி நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள்லாம் இங்க என்ன பண்றீங்க?" என்றேன். "போர்டுல போட்டிருக்கே?" என்றார் தையல்காரர். பலகையைப் பார்த்தேன். என் விலாசம்!

மங்களக்காவுக்குச் சொல்லலாம் என்றால் போன் அவள் வீட்டுக்குள்ளே மணி அடிக்கிறது. அவள் சட்டம் அவளையே கடித்தது.

"மேல போகணும், எட்டாவது மெயின்" என்று சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"எட்டாவது மெயின்னா, ஒண்ணாவது பிளாக்குலயா?"

"இதுதான் இடம், கோலம் இருக்கே, செம்மண் கரைகூட இருக்கு!"

"தனுர் மாசத்துல எல்லா வாசல்லயும்தான் செம்மண் கோலம் இருக்கு. கண்ணைத் திறந்து பாருங்க சார்."

"மெயின் குறுக்கே போகும், கிராஸ் நேரா போகும்" என்றார் புதிதாக வந்த ஒருவர்.

அது ஒன்றே போதுமாயிற்று. வராந்தாவில் நாற்காலி நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"யார்ரா அவன்?"

எல்லாரும் திரும்பினார்கள். லுங்கி, பனியனோடு நஞ்சப்பண்ணா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"மெயின் குறுக்கே போகுமா? உன்னைப் பெத்தவங்க சோறு போட்டாங்களா, மண்ணைப் போட்டாங்களா? பத்து நிமிஷமா கேட்டுட்டே இருக்கேன். மெயின் எது கிராஸ் எதுன்னு தெரியாத ஜனமெல்லாம் ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்க! கேட்டுக்கோங்க. இப்படியே நேரா மேல போங்க. பிள்ளையார் கோயில் தாண்டி, புங்கமரத்துகிட்ட லெஃப்ட்."

"புங்கமரமா? அங்க மரமே இல்லையே சார்" என்றாள் அபார்ட்மெண்டுப் பெண்.

"இல்லையா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. வேறு வழியில்லை. "வெட்டி ரெண்டு வருஷமாச்சுண்ணா" என்றேன்.

"மங்களா சொல்லவே இல்லையே."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லலை."

மூக்கைச் சொறிந்துகொண்டார். "அவ எங்க இப்போ?"

"மேல தனியா நிக்கறா. எட்டு பேருதான் வந்திருப்பாங்க. ஜனமெல்லாம் இங்க இருக்கே. எல்லாம் என் கை செஞ்ச வேலை. யாரும் வரலைன்னு நெனச்சுட்டு இருப்பா."

"மரம் போனா என்ன," என்றார் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "மேடு அங்கயேதானே இருக்கும்?"

காலால் துழாவி வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே வந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பட்டென்று தட்டிவிட்டார். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று இரண்டு எட்டு வைத்தவர் ஒரு தள்ளுவண்டியில் முட்டிக்கொண்டார். கீரைக்காரர் சென்னிகப்பாவின் வண்டி. கூட்டம் வழியை அடைத்ததால் அவர் கேட்டுக்கு எதிரே மாட்டிக்கொண்டு நின்றார்.

நஞ்சப்பண்ணாவின் கை வண்டியின் தள்ளுகிற கம்பியில் பட்டது. அப்புறம் இன்னொரு கையும் போனது. தடவிப் பார்த்து, இரண்டு கையாலும் சரியாகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். மூன்று வருஷமாகக் கூனிப்போன முதுகு அது.

"யார் வண்டி இது?"

"என்னோடதுதான் சாமி. கீரை."

"பிரேக் இருக்கா?"

"இதுக்கு ஏது சாமி பிரேக்? என் கால்தான் பிரேக்."

"சரி, நீ முன்னால பிடிச்சுக்கோ. பள்ளம் இருந்தா மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"சாமி, என் யாவாரம்..."

"நாப்பது பேர் பின்னால வராங்க, உனக்கு இதைவிட யாவாரம் எங்க கிடைக்கும்? நட!"

வண்டி கிளம்பியது. நஞ்சப்பண்ணா கழுத்தை உயர்த்திக் கத்தினார். "ஏறுங்க, ஏறுங்க! படியில தொங்காதீங்க! உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு!" நாற்பது பேரும் கொல்லென்று சிரித்துக்கொண்டு பின்னால் சேர்ந்தோம். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர், வாழ்க்கையில் சிரித்தே நான் பார்க்காத மனுஷர், "ரைட், ரைட்!" என்று வண்டியைத் தட்டினார்.

மேட்டில் ஏற ஏற அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. பாதத்தாலேயே தெருவைப் படித்தார். "இப்ப கொஞ்சம் சமமாகும்... ஆச்சா? பிள்ளையார் கோயில். இடது பக்கம் கற்பூர வாசனை வரும்." வந்தது. "இன்னும் இருபது தப்படி. அப்புறம் வண்டி லேசா வலப்பக்கம் சரியும். சரிஞ்சுதா? அங்கதான் மரம் இருந்துது. லெஃப்ட்!" சென்னிகப்பா திருப்பினார். இம்மி பிசகவில்லை. அந்த இடத்தில் நஞ்சப்பண்ணா ஒரு கணம் நின்று காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல நிழல் குடுத்துது" என்றுவிட்டு நகர்ந்தார்.

நடந்துகொண்டே வியாபாரமும் ஆனது. வெந்தயக் கீரை, தண்டுக்கீரை, சப்சிக் கீரை என்று கட்டுக் கட்டாகக் கை மாறியது. பால் பூத்துக்குப் பக்கத்தில் வந்தபோது எனக்கு உள்ளூரப் பயம். அங்கே நின்ற நாலைந்து பேர் வாயைப் பிளந்தார்கள். அதில் ஒருவன் கூவினான். "டிரைவரண்ணா! எந்த ரூட்டு இது?"

"உனக்கு எங்க எறங்கணும் சொல்லு. சில்லறை வெச்சிருந்தா ஏறு!" என்றார் நஞ்சப்பண்ணா. அவன் பால் பாக்கெட்டோடு வந்து சேர்ந்துகொண்டான்.

கடைசி மேடு இருக்கிறதே, அது நெட்டுக்குத்து. வண்டி திணறியது. சென்னிகப்பா முன்னால் இழுக்க, நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். "தள்ளுங்க, ஆனா ஒரு அங்குலம் பின்னால போகக்கூடாது. நான் இந்த மேட்டுல பின்னால உருண்டதே இல்லை!" என்று வேர்த்துக் கொட்டக் கத்தினார். உருளவில்லை. ஒரே மூச்சில் ஏறியது.

மேலே மங்களக்கா அவள் போட்ட கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூட எட்டே பேர். அந்தத் தெருவில் கதவு திறக்கிற வீட்டுக்கார அம்மாள் மொச்சைப் பருப்பு போட்டு நாற்பது பேருக்கு உப்புமா கிளறி வைத்துவிட்டு, ஆறுகிறதே என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். இந்த நடையோடு நிறுத்திவிடலாம் என்று அந்த ஒரு மணி நேரத்தில் மங்களக்கா முடிவே எடுத்துவிட்டாளாம். ஜனமும் வரவில்லை, அவரும் வரப்போவதில்லை, இன்னும் எதற்கு என்று. பிற்பாடு சொன்னாள்.

சத்தம் கேட்டுத் திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அப்புறம் கீரை வண்டியைப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் யார் என்று பார்த்தாள்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஒரு சொல் வரவில்லை. இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில் மங்களக்காவுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

"வந்தாச்சு!" என்றார் நஞ்சப்பண்ணா. "எட்டாவது மெயின், மூணாவது கிராஸ். எல்லாரும் எறங்குங்க!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. அவர் முகத்தை இடமும் வலமும் திருப்பினார்.

"மங்களா எங்க?"

யாரும் பேசவில்லை. பேசக்கூடாது என்று எங்கள் எல்லாருக்கும் எப்படியோ தோன்றிவிட்டது. அவள் நாலு எட்டு தள்ளி, எதிரேதான் நிற்கிறாள். தோள் குலுங்குகிறது, சத்தம் இல்லை.

"இங்கதானே இருக்கான்னு சொன்னீங்க? சத்தமே காணோமே?" அவர் கை கம்பியை விட்டுவிட்டது. இவ்வளவு தூரம் மேட்டில் வராத பயம் அப்போது அந்த முகத்தில் வந்தது. வெட்ட வெளியில், இத்தனை பேர் நடுவில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"பேசுடி, மங்களா. நீ பேசினாத்தானே நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்?"

மங்களக்கா முந்தானையை வாயிலிருந்து பிடுங்கினாள்.

"பனியனோட வந்திருக்கீங்களே! இந்தக் குளிருல! ஸ்வெட்டர் எங்க, மப்ளர் எங்க? சளி பிடிச்சா யாரு கஷாயம் வெக்கறது? ஐயோ, கால்ல பாருங்க, ஒண்ணு உங்க செருப்பு, ஒண்ணு என் செருப்பு! ஊரே பாக்குது! ஒரு மணி நேரமா இங்க காக்கா மாதிரி நிக்கறேன், யாருக்காவது அக்கறை இருக்கா? இந்த ஹொன்னி கையை உடைச்சு அடுப்புல வெக்கணும்! உப்புமா வேற ஆறிப்போச்சு! காலையில மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

அழுதுகொண்டே திட்டினாள். நிறுத்தவே இல்லை. நஞ்சப்பண்ணா யார் கையையும் பிடிக்காமல், அந்தத் திட்டு வருகிற பக்கம் நேராக நடந்தார்.